நீ போடாத ஊசி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு நெயில் பாலிஷ் வாங்கப் போனேன். காபிகூடப் போடவில்லை. நம் தெருமுனை ஃபேன்சி கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், இவ்ளோ காலைல? வூட்ல விசேஷமா?" என்றார். "மருந்துக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

க்ளினிக்கைத் திறந்து, நேற்று வந்த பெட்டியைப் பிரித்து, மரத்துப்போக வைக்கும் மருந்துக் குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்தேன். அட்ரினலின் கலந்தவை ஒரு பக்கம், கலக்காதவை இன்னொரு பக்கம். கலந்தவற்றின் மூடியில் மட்டும் ஒவ்வொரு சொட்டுச் சிவப்பு. நீதான் செய்வாய் இதை. உன் பாட்டில் இழுப்பறையிலேயே இருக்கிறது, ஆனால் உள்ளே எல்லாம் கட்டி தட்டிவிட்டது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நீ கடைசியாகப் புள்ளி வைத்த குப்பி போன வாரம்தான் தீர்ந்தது.

புதுப் பாட்டிலைத் திறந்ததும் வந்த அந்தக் காட்டமான வாசனையில் நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வது தெரிந்தது. இரண்டாவது குப்பிக்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கமிருந்து பஸ்களின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாம் ஒன்றாகப் படித்து, இங்கே இரும்புலியூரில் ஒரே ஒரு பல் நாற்காலியோடு க்ளினிக் தொடங்கியபோதே நீ அந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவிட்டாய். இரண்டு வகைக் குப்பியும் ஒரே அளவு, ஒரே கண்ணாடி. லேபிளில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். "அவசரத்துல கண்ணு ஏமாத்தும்டி, கலர் ஏமாத்தாது" என்பாய். பல் மருத்துவருக்கு நகத்தை வளர்க்கவும் முடியாது, பூசவும் முடியாது. "என் விரலுக்கு வாய்க்காததை மருந்தாவது போட்டுக்கட்டும்" என்று சிரிப்பாய். நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் அதைப் பார்த்து, "டாக்டர், மருந்துக்கு மருதாணியா?" என்று கேட்டாள். அன்று முழுவதும் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நோயாளிகளுக்கு நீ அதை விளக்குவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அட்ரினலின் என்ற பெயரைச் சொல்ல மாட்டாய். "மரத்துப் போற மருந்தை மட்டும் போட்டா ரத்தம் அதைச் சீக்கிரமா இழுத்துட்டுப் போயிடும். நான் பல்லைத் தொடறதுக்குள்ள உங்களுக்கு வலி திரும்பி வந்துடும். அதனால கூடவே இன்னொண்ணு சேர்த்திருக்கு. ஜிஎஸ்டி ரோட்ல பேரிகேட் போட்டா வண்டியெல்லாம் எங்க போகும்? அங்கேயே நிக்கும்ல? அந்த மாதிரி ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும். ரத்தமும் அதிகம் வராது." குரோம்பேட்டை நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஊசியை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடமாவது பேசுவாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். வெளியே ஆறு பேர் காத்திருப்பார்கள், நீ ஒரு பாட்டியிடம் பேரனின் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருமுறை கோபித்துக்கொண்டேன். "நாம ஊசியில போடறது துளியூண்டு அட்ரினலின். பயந்துட்டா உடம்பு தானே அதை எவ்வளவு சுரக்கும் தெரியுமா? முதல்ல அந்தப் பயத்தை நிறுத்தணும்" என்றாய். பேச்சோடு பேச்சாக அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுவாய். பிபி, சுகர், இதய நோய் எல்லாம் கேட்ட பிறகு, தனியாக ஒன்று: "வேற எதுக்காவது, தினமும் ஏதாவது மாத்திரை போடறீங்களா? பையில இருந்தா காட்டுங்க." ஜனங்கள் நோய் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் மாத்திரை அட்டையைக் காட்டுவார்கள் என்பது நீ கண்டுபிடித்தது.

அந்தக் கேள்வியைத்தான் நான் செல்வியிடம் கேட்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை. அவசரத்துக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாம் இருவரும் தலையிலிருந்து கால்வரை நீல நிற உடை, முகக்கவசம், அதன்மேல் பிளாஸ்டிக் தடுப்பு. உள்ளே வேர்வை சொட்டும். யார் நீ, யார் நான் என்று நமக்கே குரலை வைத்துத்தான் தெரியும். உன்னுடைய முதுகில் நான் ஸ்கெட்ச் பேனாவால் உன் பெயரை எழுதிவிடுவேன், என் முதுகில் நீ என் பெயரை எழுதுவாய். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு முதுகு எங்கே தெரியும்?

செல்வி பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கணவன் மூர்த்தியின் ஆட்டோவில் வந்தாள். ஜாக்கெட் தைப்பவள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து நான்கு நாள் தூக்கமில்லை. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா, வீட்டில் யாருக்காவது பாசிட்டிவா, எல்லாம் கேட்டேன். விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தேன். பிபி, சுகர் உண்டா என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா, நோவு மட்டும்தான் கீது, சீக்கிரம் புடுங்கி வுட்ருங்க" என்றாள். அவ்வளவு கேள்வி கேட்டதில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டது போல எனக்குத் தோன்றிவிட்டது. அன்று காலைதான் என் கணவரை ஆக்ஸிஜன் படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுத வந்துவிட்டது.

சிவப்புப் புள்ளி வைத்த குப்பியிலிருந்து மருந்தை ஏற்றி ஊசி போட்டேன். சீழ் வைத்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. "இன்னும் வலிக்குது" என்றாள். மறுபடி போட்டேன். இன்னும் வலித்தது. மறுபடியும். நீ உள் அறையில் கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாய். சில நிமிடங்களில் செல்வி தலையைப் பிடித்துக்கொண்டு, "தலை வெடிக்குது டாக்டரம்மா" என்று அலறினாள். நீ ஓடி வந்தாய்.

நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளிடம்தான் குனிந்து கேட்டாய். "தினமும் ஏதாவது மாத்திரை போடறியாம்மா?"

"தலவலிக்கு ஒண்ணே ஒண்ணு... ஒத்தத் தலவலி... பர்ஸுல கீது..."

நீ அட்டையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒற்றைத் தலைவலிக்குத் தரும், இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரை அது. அதைப் போடுகிறவர்களின் உடம்பில் அட்ரினலின் இரத்தக் குழாய்களை இறுக்கிக்கொண்டே போகும், இளக்கும் வழி அடைபட்டிருக்கும். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம். இரத்த அழுத்தமானியில் எண் ஏறியது, அவள் நாடியோ மெதுவாகிக்கொண்டே வந்தது. உன் காரின் பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தாள். ஆனால் மூளையில் சின்னதாக ஓர் இரத்தக் கசிவு. இடது கை விழுந்துவிட்டது.

அவளை க்ளினிக்கில் இறக்கிவிட்டுப் போயிருந்த மூர்த்தி, சேதி கேட்டு அவசரப் பிரிவின் வாசலில் வந்து நின்றான். நாம் இன்னும் அந்த நீல உடையைக் கழற்றவில்லை. "யாரு ஊசி போட்டது? ரெண்டு பேர்ல யாரு?" என்று கத்தினான். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்குள் நீ, "நான்தாங்க போட்டேன்" என்றாய்.

அவன் உன்னை அடிக்க வந்தான். காவலாளி பிடித்துக்கொண்டார். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு கார் நிறுத்துமிடத்தில் உன் கையைப் பிடித்து அழுதேன். "அழாத. மூஞ்சிக்கு வேற மாஸ்க், மூச்சு முட்டப் போகுது" என்றாய். "உன் வீட்ல ஒருத்தர் மூச்சுக்குத் திணறிட்டு இருக்கார். இதையும் சேர்த்து நீ தூக்க முடியாது. இப்போதைக்கு என்கிட்ட இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

என் கணவர் பதினொரு நாளில் வீடு திரும்பினார். அதற்குப் பின் வந்த எல்லா நாளும் அந்த 'அப்புறம்'தான். நான் இரண்டு முறை பேச்சை எடுத்தேன். இரண்டு முறையும் நீ, "இப்ப எதுக்குடி அது?" என்றாய். ஒவ்வொரு முறையும் எனக்குள் பெரிய நிம்மதி பரவியது. உன்னிடம் அதை ஒருபோதும் சொன்னதில்லை. மூன்றாவது முறை நான் கேட்கவே இல்லை.

மூர்த்தி அடுத்த வாரம் நம் க்ளினிக் வாசலுக்கு வந்து தெருவே கேட்கும்படி பேசினான். நீ வெளியே போய், வெயிலில் அவன் எதிரே நின்றாய். "நீ இனிமே யாருக்கும் ஊசி போடக் கூடாதும்மா. போடமாட்டேன்னு சொல்லு. சொல்லு" என்றான். நீ சொன்னாய். "சரிங்க, போடமாட்டேன்."

அவனைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று நினைத்தேன். ஆனால் அன்றோடு நீ பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டாய். பல் செட் அளவெடுப்பது, கட்டுவது, சுத்தம் செய்வது. ஊசி தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவாய். வகுப்பில் எல்லாரையும்விட லேசான கை உனக்கு. ஊசி போட்டு முடித்த பிறகும், "எப்ப டாக்டர் போடுவீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். தெருவில் சிலர், "அந்தம்மாகிட்ட போவாத, இன்னொரு அம்மாகிட்ட போ" என்று சொல்வது நம் காதில் விழும். "பாத்தியா, உனக்குக் கிராக்கி ஏறிடுச்சு" என்பாய். நீ போடாத ஓர் ஊசிக்காகக் கொடுத்த வாக்கைச் சாகும்வரை காப்பாற்றினாய்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் பெரும்பாக்கத்துக்குப் போவாய். முதல் சில மாதம் செல்வி கதவைத் திறக்கவில்லை. நீ ஆறாவது மாடி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டு வருவாய். பிறகு திறந்தாள். ரப்பர் பந்தை அவள் கையில் கொடுத்து அமுக்க வைத்தாய், விரல் விரலாக நீவிவிட்டாய். கை முக்கால்வாசி திரும்பியது. ஆனால் துணியை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு வரவில்லை. தையல் மெஷினை விற்றுவிட்டாள். நான் ஒரே ஒரு முறை உன்னோடு வந்து, கீழேயே காரில் இருந்தேன்.

உனக்கு இரத்தப் புற்று என்று தெரிந்து மூன்றே மாதம். கடைசி வாரத்தில் ஒரு மாலை, உனக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, "செல்விகிட்ட இப்பவாவது சொல்லட்டுமா?" என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் கேட்டேன் என்றும் இப்போது தோன்றுகிறது. நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய். பிறகு, "சொன்னா உனக்கு என்ன கெடைக்கும்னு பாக்காத. அவளுக்கு என்ன கெடைக்கும்னு பாரு" என்றாய். அவ்வளவுதான் பேசினாய். உன்னை அடக்கம் செய்த அன்று செல்விக்குச் சேதி போகவில்லை. யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான்.

போன திங்கட்கிழமை அவளே வந்தாள். மாதாமாதம் வருகிற டாக்டரம்மா இத்தனை மாதமாக ஏன் வரவில்லை என்று பார்க்க, பஸ் பிடித்து, மாறி, தனியாக வந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த உன் படத்தையும் மாலையையும் பார்த்ததும் அப்படியே காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ?" என்றாள். சொன்னேன்.

"எனக்கு ஒரு போன் போடலியே நீங்க."

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"நான் அந்தம்மாவ எவ்ளோ பேசிகீறேன் தெரியுமா? வாய்ல வர்ற வார்த்தையெல்லாம். எதுத்து ஒண்ணு சொன்னதில்ல. பந்த அமுக்கு, பந்த அமுக்குன்னு சொல்லிகினு குந்தியிருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வலது கையால்தான் துடைத்தாள். "போன தபா வந்தப்போவே சொல்லலாம்னு இருந்தேன். போவட்டும்மா, உம்மேல கோவம் இல்லன்னு. மூர்த்தி அப்போ வூட்டுக்கு வந்துச்சு, சொல்லாம வுட்டுட்டேன். அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு பாத்தா... கேக்காமயே போயிடுச்சே."

உன் படத்தைப் பார்த்துத்தான் பேசினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவளுடைய மன்னிப்பு, அதற்கு உரியவளைத் தாண்டி, அது தேவையே இல்லாத உன்னிடம் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலாவது திறந்தேன்.

போகும்போது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இந்தப் பக்கமும் ஒரு பல் இரண்டு வாரமாக வலிக்கிறதாம். ஊசி என்றால் பயம், அதனால் யாரிடமும் போகவில்லை. "உங்ககிட்டனா காட்டிக்கிறேன். அந்தம்மாகூடவே இருந்தவங்க, உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க போட்டா எனுக்கு பயமில்ல." வியாழக்கிழமை காலை வரச் சொன்னேன். அவளுடைய டாக்டரிடம் பேசினேன். இப்போது என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கினேன், எல்லா அட்டைகளையும் எடுத்து வரச் சொன்னேன். அட்ரினலின் கலக்காத மருந்துதான், அதுவும் குறைந்த அளவு. எல்லாம் தயார். நாளைதான் வியாழன்.

இந்த மூன்று நாளாக உன் வார்த்தையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும்? கை திரும்பாது. மெஷின் திரும்பாது. ஆறுதலாக ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்து வருகிறாள், அதுவும் போகும். மூர்த்தி மறுபடி வாசலுக்கு வரலாம். புகார் கொடுக்கலாம், கொடுக்கட்டும், அது அவன் உரிமை. என் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று நேற்று சமைக்கும்போது நினைத்தேன். உடனே, பார், மறுபடியும் எனக்கு என்ன ஆகும் என்றுதானே கணக்குப் போடுகிறேன் என்று தோன்றியது.

மருந்து ஓடிவிடாமல் குறுக்கே நிறுத்தி வைக்கிற அந்தத் துளியைப் போல, நீ இத்தனை வருடம் எனக்குக் குறுக்கே நின்றாய். அதனால் எனக்கு எதுவும் முழுதாக வலிக்கவில்லை. நீ போன பிறகுதான் ஒவ்வொரு இடமாக உணர்ச்சி திரும்புகிறது. உன்மேல் கோபமும் வருகிறது. அன்று மூர்த்தி கேட்டபோது இரண்டு நொடி பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று சண்டை போடுகிறேன். சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நீ காத்திருக்கவில்லையோ என்னவோ. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விதான். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், எவ்வளவு கூட்டம் இருந்தாலும். ஊசிக்கு முன் ஐந்து நிமிடம் பேசவும் செய்கிறேன். எனக்கு உன்னைப் போலப் பேச வராது. பேரன் பெயரைக் கேட்டுவிட்டு அப்புறம் என்ன கேட்பது என்று தெரியாமல் விழிப்பேன். ஆனாலும் கேட்கிறேன்.

செல்விக்குக் கிடைக்கப்போவது ஒன்றே ஒன்றுதான், அதை இன்று மதியம் கண்டுபிடித்தேன். தன் வாயில் யார் ஊசி போடலாம், யார் போடக் கூடாது என்று அவளே முடிவு செய்வது. அது அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அன்றும் நாம் முகம் மூடியிருந்தோம். நாளைக்கு, இவள் யார் என்று தெரியாமலே அவள் என்னிடம் வாயைத் திறந்தால், அந்த முடிவை நான் இரண்டாவது முறையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவள் ஆவேன்.

வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நாளை காலை செல்வி வந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைக்கப் போவதில்லை. வெளியே பெஞ்சில், அவள் பக்கத்தில், முகக்கவசம் இல்லாமல் உட்காரப் போகிறேன். "அன்றைக்கு உனக்கு ஊசி போட்டவள் நான்தான், செல்வி" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து போகிறாளா இருக்கிறாளா என்று பார்க்காமல், அவள் பேசும்வரை அங்கேயே இருப்பேன்.